இடாப்பின் பின்பக்கம்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டரை வருடம் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவில் இருந்தோம். அவர் கொண்டுவந்து தந்த கத்தரிக்காயில் குழம்பு வைத்திருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தியும் இருக்கிறேன். ஆனாலும் பெயர் தெரியாது. கட்டடத்தில் எல்லோரும் 'அண்ணை' என்றார்கள். திருச்சிக்காரியான நானும் ஒரே வாரத்தில் 'அண்ணே'யை விட்டுவிட்டு 'அண்ணை'க்கு மாறிவிட்டேன்.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தபோது அவர் திருட்டு வேலை ஒன்று செய்துகொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஏழு இலையுதிர் காலம். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில், அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் நான் குடிவந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. குளிர் வருவதற்கு முன்னால் ஹீட்டர்களைச் சோதிக்க ஆள் வரப்போகிறது என்று வீட்டுக்காரரான கிரேக்கக் கிழவர் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். எந்த வீடு, யார் பெயர், எத்தனை மணி என்று வரிசையாகப் பட்டியல். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், கையில் வெங்காயப் பை, அந்தக் காகிதத்தை நாலு மூலையிலும் டேப்பைப் பிய்த்து அழகாக எடுத்து, மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவும் இல்லை.

"ஏங்க, நான் இன்னும் பார்க்கலையே," என்றேன் தமிழில். முகத்தைப் பார்த்ததும் தமிழர் என்று தெரிந்துவிட்டது.

"உங்களுக்குப் புதன்கிழமை பத்து மணி. மூண்டாம் மாடி ஒன்பதாம் நம்பர்தானே?" என்றார். கட்டடத்தில் இருந்த இருபத்து நாலு வீட்டுக்கும் அவருக்கு நேரம் மனப்பாடம். அன்று சாயங்காலம் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோருக்கும் வாயாலேயே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் மறுபடி ஒட்டினார். அதுவும் காணாமல் போனது. மூன்றாவது தடவை வீட்டுக்காரர் பெயர்களை விட்டுவிட்டு வீட்டு நம்பரை மட்டும் எழுதி ஒட்டினார். அந்தக் காகிதம் பனிக்காலம் முழுக்க அங்கேயே இருந்தது.

இதுதான் அவர். பெயர் எழுதுவது என்றால் அவருக்கு ஆகாது. தன் பெயர் மட்டுமல்ல, யார் பெயரையும். தபால்பெட்டியில் எல்லோரும் பெயர் ஒட்டியிருப்போம், அவருடையது வெறும் தகரம். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டால், "சாமியின்ட பேருக்கே செய்யுங்கோ" என்பார். வேலை பார்த்தது ஜான்-டலோன் சந்தையில், ஓர் இத்தாலியரின் காய்கறிக் கடையில். ஆறு வருடமாக அந்த இத்தாலியர் அவரை 'மொனாமி' என்றுதான் கூப்பிட்டார். நண்பன் என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் டெலிபோன் நம்பர்கள் எழுதிய ஓர் அட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் ஒரு காய்கறி. டாக்டர் வெங்காயம். ஐயர் பூசணி. டொராண்டோவில் இருந்த அவருடைய தங்கை முருங்கைக்காய். என் நம்பருக்குப் பக்கத்தில் பாகற்காய் என்று இருந்தது. நான் விடுவேனா? ஏன் பாகற்காய் என்று கேட்டேன். "கோவம் கூட," என்றார், கோபம் அதிகம் என்ற அர்த்தத்தில். அடுத்த நிமிடமே, "ஆனால் உடம்புக்கு நல்லது" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக இருக்கும் மனிதர், இதுவும் ஒரு விளையாட்டு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

விளையாட்டு இல்லை என்று புரிந்தது இரண்டாயிரத்து ஒன்பது குளிர்காலத்தில். அவர்கள் ஊரான இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தது. கட்டடமே டி.வி. முன்னால் கிடந்தது. என் மாடியிலேயே மூன்று வீடுகளில் யாருடைய போனுக்காவது காத்துக்கொண்டிருந்தார்கள். போரை நிறுத்தச் சொல்லிக் கனடா அரசுக்குக் கொடுக்க, ஓர் இளம்பெண் மனுவோடு கதவு கதவாக வந்தாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இந்தியாக்காரி நான்கூடப் போட்டேன். அண்ணை போடவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் அங்கே சிக்கியிருந்தார்கள். பேனாவை நீட்டியபடி அழுதாள். "உங்கட சனம்தானே அண்ணை சாகுது. ஒரு கையெழுத்துப் போட ஏலாதோ?"

"நான் வந்து நிக்கிறன் பிள்ளை. எத்தினை நாளெண்டாலும் நிக்கிறன். பேர் மட்டும் கேக்காதீங்கோ."

சொன்னபடி நின்றார். சந்தை வேலை முடிந்து, நகர மையத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், பனிக்குள்ளே, தினமும். மற்றவர்கள் கை விறைத்துக் கீழே வைத்த கோஷ அட்டைகளை எல்லாம் அவர் தூக்கிப் பிடித்தார். ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. துரோகி என்றார்கள் சிலர். அவர் படியில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கும் ஆத்திரம்தான். அடுத்த முறை வெண்டைக்காயோடு வந்து நின்றபோது, ஒரு பிள்ளையை அழவைத்துவிட்டு உங்களுக்கு எப்படிச் சாப்பாடு இறங்குகிறது என்று கேட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். சிறிது நேரம் கழித்துத் திறந்தால், வெண்டைக்காய்ப் பை வாசலில் இருந்தது. நான் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். கோபம் போகவில்லை, ஆனால் வெண்டைக்காய் என்ன பாவம் செய்தது?

போர் முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு கட்டடத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தாய் தகப்பனைப் பற்றித் தகவலே வரவில்லை. அண்ணை வாரா வாரம் அவள் வீட்டு வாசலில் காய்கறிப் பை வைத்துவிட்டு வந்தார். அவள் எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருந்தது சரக்கு மேலாண்மை மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர், ஈராக்கில் வெளிநாட்டுப் படைகள் இருந்த முகாம்களில் சமையல் ஒப்பந்தம் எடுத்திருந்தவர். அடுப்பு எத்தனை, ஃப்ரீஸர் எத்தனை, கரண்டி எத்தனை என்று எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் இருந்தது. அந்த வருடம் படைகள் ஒவ்வொரு முகாமாகக் காலி செய்துகொண்டிருந்தன. முகாமை அந்த நாட்டு அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்போது உள்ளே இருக்கும் பொருள்களுக்கெல்லாம் பட்டியல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பட்டியல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முகாமில் இருந்த கிடங்கு எழுத்தர் யூசுப், அந்த ஊர்ப் பையன், வாரம் இரண்டு தடவை என்னோடு போனில் பேசுவான். ஒரு ஃப்ரீஸர் கணக்கில் இடித்தால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். 'மேடம்' போடாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டான்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சரிபார்க்கச் சொல்லி யூசுப்புக்கு மாதிரிப் பட்டியலை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை ஒப்படைப்பு. சனிக்கிழமை மத்தியானம் அண்ணை ஒரு பை தக்காளியோடு வந்தார். குளிர் தொடங்கினால் கடைசித் தக்காளியை இத்தாலியர் சும்மாவே கொடுத்துவிடுவார். எங்களுக்குள் பேச்சு மறுபடி ஒட்டியிருந்த நேரம் அது. நான் நல்ல குஷியில் இருந்தேன். ஒரு கரண்டி விடாமல் பட்டியல் போட்டு ஒரு முகாமையே ஒப்படைக்கிறேன், நம்ம வேலை எப்படி என்று பீற்றிக்கொண்டேன்.

அவர் தக்காளியைக் கீழே வைக்கவில்லை. "அதில ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஆளுங்க எப்படிண்ணை இருப்பாங்க? இது பாத்திரம் பண்டம்."

"பின்பக்கம் பாத்தீங்களோ?"

கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் ஏது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒருக்காப் பாருங்கோ தங்கச்சி என்று சொல்லிவிட்டுத் தக்காளியை வைத்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல். நாலு வருடமாக இதே மென்பொருளில் கிடக்கிறேன், சந்தையில் தக்காளி அடுக்குகிறவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். அந்த எரிச்சலில்தான் லேப்டாப்பைத் திறந்தேன். அவரிடம் போய் 'ஒன்றும் இல்லை, போதுமா' என்று சொல்வதற்காக.

அடுப்பு, ஃப்ரீஸர், ஜெனரேட்டர், மேஜை, தட்டு, கரண்டி. நாற்பது பக்கம் வரை இதுதான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பெயர்கள் தொடங்கின. பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், வீடு இருக்கும் பகுதி, செல்போன் நம்பர், முகாமில் செய்த வேலை. பாத்திரம் கழுவுகிறவர், காய் நறுக்குகிறவர், பெருக்குகிறவர், மொழிபெயர்ப்பாளர். ஐம்பத்தெட்டுப் பேர்.

அவர்களை உள்ளே போட்டது நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, மேற்கு மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அறையில் இருந்த காலம். உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கொடுத்த சீருடைக்கும் லாக்கர் சாவிக்கும் கணக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கென்று தனியாக ஓர் அட்டவணை செய்ய ஒரு வாரம் பிடிக்கும். எனக்கு அந்தச் சனி ஞாயிறு நயாகராவுக்கு டிக்கெட் போட்டிருந்தது. அதனால் ஒவ்வோர் ஆளையும் ஒரு பொருளாகவே சேர்த்து, ஒரு சரக்கு எண்ணும் கொடுத்துவிட்டேன். மென்பொருள்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வேலை நடக்கிறதா, சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. நான் அப்புறம் பார்க்கவே இல்லை. இப்போது முகாமில் உள்ள பொருள்களையெல்லாம் எடு என்றதும், அது சொன்னபடி ஆட்களையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டது.

வெளிநாட்டுப் படைக்கு வேலை பார்த்தவர்களை அங்கே தேடிப்பிடித்துக் கொல்கிறார்கள் என்று செய்தியில் வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஓடிப்போய் எதிர்க் கதவைத் தட்டினேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அனுப்பியாச்சோ? வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன் என்றேன். உட்காரச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, தன் கதையைச் சொன்னார்.

அவர் திருகோணமலைக்காரர். எண்பதுகளின் கடைசியில் இந்திய ராணுவம் அங்கே இருந்தபோது, ஒரு முகாமில் எழுத்தர் வேலை பார்த்தார். ஆங்கிலமும் தமிழும் கொஞ்சம் சிங்களமும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் அவர்தான். முகாமுக்கு ஒரு பெரிய இடாப்பு இருந்தது. இடாப்பு என்றால் நாம் பதிவேடு என்கிறோமே, அது. முன்பக்கம் கட்டில், வாளி, கூடாரம், லாந்தர். அதே கொப்பியைத் திருப்பிப் பின்பக்கமிருந்து எழுதினால் அன்றாடக் கூலி ஆட்களின் விவரம். சமையல்காரர், தண்ணீர் இழுக்கிறவர், முடி வெட்டுகிறவர், முற்றம் பெருக்குகிற ஒரு பெண். தகப்பன் பெயர், கிராமம், பெருவிரல் ரேகை. ராணுவம் திரும்பிப் போகிற நேரம் வந்தது. முகாமைப் பொறுப்பெடுக்க வந்தவர்களிடம் இடாப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக் காட்டி, முழு இடாப்பையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

"ஒரு வாளி குறையேல்ல தங்கச்சி. எனக்குப் பெரிய புளுகம். பின்பக்கத்தை மறந்து போனன்."

புளுகம் என்றால் பெருமிதம். அந்த இடாப்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனதோ அவருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்குள் வீடு வீடாகத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் யார் என்று பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பதினாறு பேர். இடாப்பில் இருந்த வரிசை எண்படியே வந்தார்களாம். நாலாவது ஆளைக் கொண்டுபோனதும், ஐந்தாவது ஆளுக்குத் தன் முறை தெரிந்துவிட்டது. அவனும் தப்பவில்லை.

"உங்களைத் தேடி வரலையா?" என்று கேட்டேன்.

அவர் அப்போது கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். எனக்கு அந்த வெண்டைக்காய் நாள் ஞாபகம் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் மேனேஜர் சில்விக்குப் போன் செய்தேன். சில்வி கெட்டவள் இல்லை. ஆனால் அது வாடிக்கையாளரின் தகவல், அவர்கள் எழுத்தில் கேட்காமல் ஒரு வரியைக்கூட நாம் அழிக்க முடியாது, எண்ணிக்கை அவர்கள் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும், திங்கட்கிழமை பேசலாம் என்றாள். திங்கட்கிழமை மொன்றியல் விழிக்கும்போது அங்கே சாயங்காலம் ஆகிவிடும். நீயாக எதுவும் செய்யாதே என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் வேலை அனுமதியே அந்தக் கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டும். திருச்சியில் அப்பாவின் டயாலிசிஸ் என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

யூசுப்பின் அலுவலக நம்பருக்கு அடித்தேன். அங்கே கடை சாத்தும் நேரம் கடந்திருந்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனிடம் சொந்த போன் இருக்கும், ஆனால் அந்த நம்பர் என்னிடம் இல்லை. பிறகுதான் உறைத்தது, இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பதினாலாவது வரியில். அதற்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணை வந்து என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். மூன்றாவது தடவை யூசுப் எடுத்தான். அங்கே மத்தியானம் இரண்டு மணி. குஷியாக இருந்தான். மாதிரியே பிரமாதமாக இருக்கிறது மேடம், மூன்று பிரதி அச்சடித்துக் கோப்பில் போட்டுவிட்டேன், முன்கூட்டியே சரிபார்க்க அரசாங்க ஆட்கள் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றான்.

இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் இரண்டு முறை அவன் பெயரைச் சொன்னேன்.

"மேடம், பதினாலாவது நான்," என்றான்.

தெரியும் என்றேன். அது என் தவறு என்றும் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தனக்குத்தானே பேசுகிறவன் போல, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண் போட்டிருக்கிறது மேடம், மொத்தம் நாற்பத்துநாலு பக்கம் என்று போட்டிருக்கிறது, நாலு பக்கம் இல்லை என்றால் கேட்பார்கள், ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் பிரிண்டர் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றான். சொல்லிவிட்டு நிறுத்தினான். அவன் என்ன யோசிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எதிரே பார்த்தேன். அண்ணை இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவனைக் கிழிக்க விடாதீங்கோ தங்கச்சி. எல்லாரையும் எடுங்கோ. இப்பவே எடுங்கோ," என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

நான் எடுத்தேன். வேலை என்னவோ பத்து நிமிட வேலைதான். ஐம்பத்தெட்டு வரிகளைப் பட்டியலிலிருந்து அழித்தேன், பக்க எண்கள் புதிதாக வந்தன, நாற்பதோடு முடிந்தது. எங்கள் சர்வரிலும் அழித்தேன். அழித்தவர் என்ற இடத்தில் என் பயனர் பெயர் தானாகவே பதிந்தது. அனுப்பினேன். யூசுப் போனை வைக்கவில்லை. அங்கே பிரிண்டர் ஓடுவது எங்களுக்குக் கேட்டது. ஒரு தடவை காகிதம் சிக்கிக்கொண்டது. அவன் அரபியில் ஏதோ திட்டினான். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மறுபடி ஓடியது. மூன்று பிரதியும் எடுத்து, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை எனக்கு வாசித்துக் காட்டினான். துருப்பிடிக்காத கரண்டி, பெரியது. பழைய மூன்று பிரதியையும் சமையலறை அடுப்பில் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன், திரும்பி வந்து, நன்றி மேடம் என்று சொல்லி வைத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. அண்ணை எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சில்வியிடம் நானே சொன்னேன். அவள் கத்தவில்லை. ஏன் சொன்னாய், சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காதே என்று கேட்டாள். எண்ணிக்கை இடிக்கிறது என்று மேலே கடிதம் போனது. ஜனவரியில் என் அனுமதிக்குக் கம்பெனி கடிதம் கொடுக்கவில்லை. நான் மார்ச்சில் ஊர் திரும்பினேன். அப்பாவுக்காக அம்மா வீட்டு மனையை விற்றாள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஒப்படைப்புக்கு மறுநாள், புதன்கிழமை, யூசுப்பிடமிருந்து மெயில் வந்தது. ஒப்படைப்பு முடிந்தது, கையெழுத்தாகிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் என் மாமா ஊருக்குப் போகிறேன் என்று நாலு வரி. நான் அன்று அரைநாள் லீவு போட்டு, கேசரி கிளறி, டப்பாவில் எடுத்துக்கொண்டு மெட்ரோவில் ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். மூன்று நாளாக அவர் என் கண்ணில் படவே இல்லை. கதவைத் தட்டியும் திறக்கவில்லை. கூச்சம் போலிருக்கிறது, நேரில் போய்ப் பிடிப்போம் என்று நினைத்தேன்.

பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மெயிலைச் சொன்னேன். ஐம்பத்தெட்டுக் குடும்பம் உங்களால் பிழைத்தது அண்ணை என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். தெரியாமல் செய்த தவறுக்கு இத்தனை வருடம் உங்களை வருத்திக்கொண்டது போதும், கடவுள் கணக்கை நேர் பண்ணிவிட்டார் என்றுகூடச் சொன்னேன். எனக்கு வாய் ஓடினால் நிற்காது.

அவர் கையில் இருந்த பூசணியைக் கீழே வைத்தார். கைகளை ஏப்ரனில் துடைத்தார்.

"நான் உங்களுக்கு முழுக்கச் சொல்லேல்ல தங்கச்சி. பதினேழு பேர் இருந்தது."

பதினாறு பேர் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டு நின்றேன்.

"நான் மறக்கேல்ல. குடுக்கிறதுக்கு முதல்நாள் பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தனான். முதல் ஒற்றையில நான். கிளாக் எண்டபடியா எனக்குத் தனி ஒற்றை. அதைப் பிளேடால வெட்டி எடுத்துப்போட்டுத்தான் குடுத்தனான்."

"மத்தவங்க தாளையும் ஏன் எடுக்கலை?"

"ஒரு ஒற்றையில ரெண்டு பேர். எட்டு ஒற்றை. எடுத்தாக் கொப்பி மெலிஞ்சு தெரியும். ஆர் வெட்டினது எண்டு கேட்டிருப்பினம்." கீழே வைத்த பூசணியை எடுத்து அடுக்கில் வைத்தார். "ஒண்டு எடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

யாரோ ஒரு கியூபெக் கிழவி வந்து பூசணி விலை கேட்டாள். அவர் பிரெஞ்சில் பதில் சொல்லி, நல்லதாக ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அவள் மெர்சி என்று நன்றி சொல்லிப் போகும் வரை நான் கேசரி டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். அவரைத் திட்டத் தோன்றியது. அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. டப்பாவைப் பூசணிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

மார்ச் வரை நாங்கள் எதிரெதிர்க் கதவில்தான் இருந்தோம். படியில் பார்த்தால் பேசிக்கொண்டோம், காய்கறி வந்தது, நான் குழம்பு வைத்தேன். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. திருச்சிக்கு வந்த பிறகு, நான் செய்த அந்தக் காரியத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் என்னைப் பெரிய மனுஷி என்றார்கள். வேலையை இழந்து ஐம்பத்தெட்டுப் பேரைக் காப்பாற்றியவள். நானும் கொஞ்ச நாள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த ஐம்பத்தெட்டு வரியில் என் பெயர் இல்லை. முதல் வரியில் என் பெயர் இருந்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் யாருக்கும் தெரியாது என்றும் இருந்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.